புளியமரத்தை எடை கேட்கும் மென்பொருள்

ஆலங்காயம்

அன்பும் அறிவும் நிறைந்த, அதிலும் அறிவு சற்றுக் கூடுதலாகவே நிறைந்த மாப்பிள்ளை பாலமுருகன் அவர்களுக்கு, மாமனார் தீர்த்தகிரி எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். பெங்களூரில் நீங்களும் அருணாவும் நலமாகத்தான் இருப்பீர்கள். என் புளி வியாபாரம் படும் பாடு அங்கே கேட்காது.

"மாமா, உங்களுக்கென்றே மென்பொருள் செய்திருக்கிறேன், இனி வியாபாரம் விரல் நுனியில்" என்று ஒரு கைக்கணினியைக் கொடுத்தீர்களே, சத்தியமான வார்த்தை. நேற்று அதை எடுத்துக்கொண்டு ஜவ்வாது மலைக்கு, கெங்கம்மாள் தோப்புக்குப் போனேன். அந்தத் தோப்புப் புளி கிடைத்தால்தான் எனக்கு வருஷம் ஓடும். மரங்களை அண்ணாந்து பார்த்தேன், விலை பேசினேன், அந்தம்மாவும் தலையாட்டினார். வெற்றிலை பாக்கைக் கொடுத்துவிட்டால் தோப்பு நம்முடையது. உங்கள் மென்பொருளுக்கு அது போதுமா? சரக்கின் எடை கேட்டது. காய் மரத்தில் தொங்குகிறது மாப்பிள்ளை! மலையில் மரத்தோடுதான் புளி பிடிப்போம் என்று உங்கள் கல்யாணத்திலிருந்து சொல்லி வருகிறேன். மரத்தையா தராசில் ஏற்றுவது? குத்துமதிப்பாக ஏதோ தட்டினேன். உடனே, "பதிவாகிறது, கட்டைவிரலை எடுக்காதீர்கள்" என்றது. அங்கே ஏது சிக்னல்? திரையில் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. வலது கை அதில் மாட்டியிருக்க, கெங்கம்மாள் வெற்றிலைக்குக் கையேந்தி நிற்கிறார். என் புத்தி எங்கே போயிற்றோ, இடது கையால் நீட்டிவிட்டேன்.

"இன்னாங்க இது, பீச்சாங்கைல குடுக்கிறீங்க? எங்க மரம் அவ்ளோ கேவலமாப் போச்சா?"

"இல்லம்மா, வெரல எடுத்தா மறுபடி மொதல்லேர்ந்து வரணும்..."

"அப்ப அத்தப் புடிச்சிக்கினே வூடு போய்ச் சேருங்க."

ஒடுகத்தூர் கண்ணாயிரம், எந்நாளும் அந்தத் தோப்பின் மேல் கண்ணாக இருப்பவன், அங்கேயே நின்றிருந்தான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் வெற்றிலையைக் கொடுத்தான். தோப்பு போயிற்று. வயிறு எரிகிறது மாப்பிள்ளை. நான் மலையிறங்கி ஊர் வந்த பிறகு, "வாழ்த்துகள், கொள்முதல் வெற்றி!" என்றது உங்கள் மிஷின்.

ஆகவே அந்த மென்பொருளை உடனே அழித்துவிடுங்கள். இன்னொரு மனிதன் கையில் கொடுத்து அந்தப் பாவத்தைக் கட்டிக்கொள்ளாதீர்கள். உங்கள் இருவருக்கும் என் ஆசிகள், வலது கையால்தான்.

இப்படிக்கு,
தீர்த்தகிரி

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் கண்ணாயிரமே கடைக்கு வந்தான். "அது இன்னா மிஷினு, எனக்கும் ஒண்ணு வாங்கித் தர்றீங்களா?" என்றான். உலகத்தில் இதைப்போல ஒரு சாமான் கிடையாது என்று சத்தியம் செய்து அனுப்பியிருக்கிறேன். எனவே அழிக்க வேண்டாம். அவனுக்கு ஒன்று உடனே அனுப்புங்கள். ஒரு எழுத்தைக்கூடத் திருத்திவிடாதீர்கள்.