பங்காளிகள் சங்கம்

சங்கம் ஆரம்பிக்கிறேன் என்று கிளம்புகிற இளைஞனைக் கண்டால் நான் இன்றைக்கும் சும்மா விடமாட்டேன். அவனைப் பிடித்து உட்காரவைத்து, "கொள்கையெல்லாம் இருக்கட்டும் தம்பி, யார் வீட்டில் வைக்கப் போகிறாய்?" என்று மட்டும் கேட்பேன். நானும் ஒரு சங்கம் ஆரம்பித்தவன்தான். அது திறப்புவிழாவைத் தாண்டி ஒரு நாள்கூட நடக்கவில்லை. ஆனால் அதன் பலனை ஆயுசு முழுக்க அனுபவித்து வருகிறேன். (பலன் இப்போது உள்ளே மாவாட்டிக்கொண்டிருக்கிறது. மெதுவாகப் படியுங்கள்.)

அப்போது யுத்தம் தொடங்கியிருந்தது. நான் சேலத்தில் இண்டர்மீடியட் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பண்ணையக்காரர் மகன். ஆகவே எங்கள் சாதி விடுதியில் எனக்கு இடம். என் சிநேகிதன் தங்கவேலு குமாரபாளையத்து நெசவுக்காரர் மகன், அவனுக்கு அவன் சாதி விடுதி. மாரிமுத்துவுக்கு எந்த விடுதியும் இல்லை. அயோத்தியாப்பட்டணத்துக்கும் அந்தப் பக்கம், ஊருக்கு வெளியே தள்ளிவைத்த தெருவிலிருந்து தினமும் நடந்தே வந்து நடந்தே போவான். வகுப்பில் முதல் மார்க் அவனுக்குத்தான். பரீட்சை நெருங்க நெருங்க, காலில் புண்ணோடு வந்து பின் பெஞ்சில் தூங்க ஆரம்பித்தான்.

"டவுன்ல தங்க ஒரு இடம் கிடைச்சா எழுதிடுவேன். இல்லன்னா இந்த வருஷம் பரீட்சை இல்லை" என்றான் ஒரு நாள். அழுகை, புலம்பல் ஒன்றும் கிடையாது. சும்மா தகவல் சொல்வதுபோலச் சொன்னான்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த வயதில் ரத்தம் கொதிப்பதற்குச் செலவே இல்லை. எந்தச் சாதி விடுதியையும் சேராத, யாருக்கும் கட்டுப்படாத, சகோதரர்களாகவே வாழ்கிற ஒரு சங்கம் அமைப்பது என்று அன்றே முடிவாயிற்று. பெயர், சுயேச்சை மாணவர் சகோதர சங்கம். நான் தலைவர், தங்கவேலு காரியதரிசி. இன்னும் நாலு பேர் சேர்ந்தார்கள். மாரிமுத்துவோடு ஏழு. சங்கத்தின் முதல் விதியை நானே எழுதினேன். யாரும் யாருடைய சாதியையும் கேட்கக் கூடாது.

வீட்டுக்காரர் அதை இரண்டாவது வாக்கியத்திலேயே கேட்டுவிட்டார்.

அவர் மஞ்சள் மண்டி வைத்திருந்தவர், எங்கள் ஆள். தன் வீட்டு முன்கட்டை வாடகைக்கு விடுவதாகக் கேள்விப்பட்டுப் போயிருந்தேன்.

"எந்தூரு சாமி?"

சொன்னேன்.

"எந்தக் கூட்டம்?"

எங்கள் பக்கம் சாதிக்குள்ளே கூட்டம் கூட்டமாகப் பிரிந்திருப்போம். ஒரே கூட்டத்துக்காரர்கள் எல்லாரும் பங்காளிகள், அதாவது அண்ணன் தம்பி முறை. அதற்குள் பெண் எடுக்க மாட்டோம், கொடுக்க மாட்டோம். என் கூட்டத்தைச் சொன்னேன். அவருடையது வேறு கூட்டம்.

"மத்த பசங்கொ?"

அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. ஆறு பேருக்கும் தனித்தனியாகக் கூட்டம் சொல்லி, நாளைக்கு அதை மறந்து மாட்டிக்கொள்வதா? சகோதர சங்கம்தானே!

"எல்லாம் எங்க பங்காளிகதானுங்க. ஒரே கூட்டமுங்க."

"ஏழு பேருமா? எங்க கூட்டத்துல கையெழுத்துப் போடவே ஆளில்லையே சாமி" என்று அவர் மலைத்துப்போனார். வாடகையில்கூடக் குறைத்துக்கொண்டார்.

மாரிமுத்துவுக்கு இது பிடிக்கவில்லை. "யாராவது நேரா கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றான்.

"யாரு கேக்கப்போறாங்க?"

"கேட்டா?"

"கேட்டா நான் பாத்துக்கறேன் போ" என்றேன் நான். (தலைவர் அல்லவா?)

பரீட்சைக்காக அவன் வந்தான். திறப்புவிழாவுக்கு நாள் குறித்துவிட்டு, அதற்கு முன்பே குடிபோய்விட்டோம். நாங்கள் ஆறு பேரும் விடிந்து வெகுநேரம் கழித்து எழுந்து சமத்துவம் பேசுவோம். அவன் இருட்டோடு எழுந்து படித்துவிட்டு, குளித்து, நெற்றியில் திருநீறோடு உட்கார்ந்திருப்பான். மண்டிக்காரருக்குக் கண் மங்கல். ஒரு நாள் இங்கிலீஷ் பேப்பரை நீட்டி, "சண்டை என்னாச்சுன்னு சொல்லு சாமி" என்றார். அன்றிலிருந்து தினமும் காலையில் அவன் பேப்பரைப் பார்த்துத் தமிழில் சொல்லுவான். எந்தக் கப்பல் எங்கே மூழ்கியது, எவன் எங்கே ஓடினான் என்று, அவனே கரையில் நின்று பார்த்ததுபோலச் சொல்லுவான். உள்கட்டில் பாத்திரச் சத்தம் அப்போது நின்றுவிடும். மண்டிக்காரர் மகள் பாவாயி கதவுக்குப் பின்னால் நின்று கேட்பாள். அதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

"அந்தப் பையன் பேச்சு கெழக்கத்திப் பேச்சா இருக்குதே?" என்று மண்டிக்காரர் என்னிடம் ஒருதரம் கேட்டார்.

"ஆத்தூருப் பக்கம் குடிபோன பங்காளிங்க. கொஞ்சம் நொடிச்சுப்போன குடும்பமுங்க."

"அப்பன் விழாவுக்கு வருவாரா?"

"வர முடியாதுங்க."

"பரவால்ல. பங்காளியில பெரியவங்க ஒருத்தரு இருந்தாப் போதும்" என்றார். அவர் ஏதோ பெருந்தன்மையாகச் சொல்கிறார் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். முட்டாள்.

விழா நாள் வந்தது. பலகை எழுதி வாசலில் மாட்டியாயிற்று. மண்டிக்காரர் சொந்தபந்தங்களோடு வந்து உட்கார்ந்தார். பெண்டுகள் தட்டுகளில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, பட்டு எல்லாம் வைத்தார்கள். சங்கத்துக்கு இவ்வளவு ஆதரவா என்று எனக்குக் கண் கலங்கியது. அப்போது வாசலில் வண்டி வந்து நின்றது. என் அப்பா இறங்கினார். பின்னாலேயே பெரியப்பா, சித்தப்பா, நாலைந்து பங்காளிகள். எல்லார் தலையிலும் விசேஷத்துக்குக் கட்டுகிற உருமால்.

விடுதியை விட்டு வந்ததற்கு என்னை உதைக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அப்பா என்னைத் தனியே இழுத்து, "ஏன்டா, நிச்சயம் எந்தப் பங்காளி ஊட்டுப் பையனுக்கு? இந்த மண்டிக்காரரு ஆளு உட்டு வரச் சொன்னாரு. ரோசனை பண்ணிப் பண்ணி வண்டியில ஒருத்தருக்கும் புடிபடுல" என்றார்.

மண்டிக்காரர் பாவாயியை மாரிமுத்துவுக்குக் கொடுக்க முடிவு செய்திருக்கிறார். பங்காளிகள் இல்லாமல் எங்கள் பக்கம் நிச்சயம் நடக்காது. மாப்பிள்ளையின் கூட்டத்தில் பெரியவராக, என் வாக்கை நம்பி, என் அப்பனுக்கே ஆள் அனுப்பியிருக்கிறார்.

இதற்குள் மண்டிக்காரர் மாரிமுத்துவின் கையைப் பிடித்து ஜமுக்காளத்தில் நடுவாக உட்காரவைத்துவிட்டார். விவரம் தெரியாத தங்கவேலு எழுந்து, "சாதி என்னும் பேயை ஓட்டவே இன்று நாம்" என்று ஆரம்பித்தான்.

"பேச்செல்லாம் அப்பறம் தம்பி. தட்டு மாத்தற நேரம் தப்பிப்போவுது" என்று மண்டிக்காரர் அவனை உட்காரச் சொன்னார்.

அப்பா மாரிமுத்துவை உற்றுப் பார்த்தார். "நீ யாரு மகன் சாமி?"

மாரிமுத்து என்னைப் பார்த்தான். நான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன் அல்லவா? வாயைத் திறந்தேன். இருமல் வந்தது. சமத்துவத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசிய அதே வாய்தான்.

அவன் எழுந்து நின்றான். "நான் உங்க பங்காளி இல்லைங்க. எங்க தெரு அயோத்தியாப்பட்டணத்துக்கு அந்தப் பக்கம், ஊருக்கு வெளிய. எங்கப்பா பேரு சடையன். பண்ணையத்துல கூலி வேலை." பேப்பர் படிக்கிற அதே குரல். "பரீட்சை வரைக்கும் தங்கிக்கலாம்னுதான் வந்தேன். நிச்சயம்னு எனக்குத் தெரியாது."

தெருவைச் சொன்னதுமே எல்லாருக்கும் விளங்கிவிட்டது. மண்டிக்காரர்தான் வாய் திறந்தார். "தெனமும் எனக்குப் படிச்சுச் சொன்னயே சாமி" என்றார். பழக்கத்தில் 'சாமி' வந்துவிட்டது. வந்தது அவருக்கே உறைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போடா வெளிய" என்றார்.

அவன் புத்தகங்களை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். அவன் உட்கார்ந்த ஜமுக்காளத்தை யாரோ குச்சியால் தள்ளி வாசலில் போட்டார்கள். ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிக் கழுவினார்கள். அந்தத் தண்ணீர் காய்வதற்குள் என் சகோதரர்களுக்கு அவரவர் விடுதி ஞாபகம் வந்துவிட்டது. முதலில் பெட்டியைத் தூக்கியவன் காரியதரிசி. பேயைப் பாதியில் விட்டுவிட்டுப் போனான்.

நானும் நழுவப் பார்த்தேன். மண்டிக்காரர் என் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "சனம் பாக்கத் தட்டு வெச்சாச்சுங்க. திருப்பி உள்ள எடுத்துட்டுப் போனா எம் புள்ளைக்கு என்ன பேருங்க ஆவறது?"

அப்பா மீசையைத் தடவினார். "நம்ம பையன் ஒருத்தன் இருக்கறானல்லங்க" என்றார்.

மண்டிக்காரர் என்னை மேலிருந்து கீழ்வரை ஒருதரம் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "என்ன பண்றது" என்றார். மாமனாரிடமிருந்து எனக்குக் கிடைத்த முதல் ஆசீர்வாதம் அதுதான்.

"படிப்பு முடியட்டுங்கப்பா" என்று முனகினேன்.

"சங்கம் வெச்சது நீதானடா? உக்காரு" என்றார் அப்பா. தட்டு மாற்றினார்கள்.

நான் பரீட்சை எழுதினேன், தட்டுத்தடுமாறிப் பாஸும் செய்தேன். மாரிமுத்துவின் இடம் காலியாகவே இருந்தது. பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது போய்ச் சேர்ந்துவிட்டான் என்று யாரோ சொன்னார்கள். அதற்குமேல் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் காலி மேஜையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. மண்டிக்காரர்மேல், அப்பாமேல், எல்லாவற்றுக்கும் மேலாக அன்றைக்குச் சரியான நேரத்தில் வந்த அந்த இருமல்மேல். சங்கத்துப் பலகை நெடுநாள் மாமனார் வீட்டு மாட்டுத் தாழிக்கு மூடியாகக் கிடந்தது. 'சகோதர' என்ற எழுத்து மட்டும் அழியவேயில்லை.

எங்கள் கல்யாணக் கதை வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். புதிதாக யார் வந்தாலும் பிள்ளைகள் தூண்டிவிடுவார்கள். பாவாயியும் முகத்தில் சிரிப்பே இல்லாமல், "எங்கப்பன் பார்த்த மாப்பிள்ளை வேறங்க. இவரு அந்தச் சங்கத்துல மிச்சமானவரு" என்பாள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். வேறென்ன செய்வது?

அவளுக்குப் படிக்கத் தெரியாது. கல்யாணமான நாள்முதல் காலையில் பேப்பரை நான்தான் உரக்கப் படிக்கிறேன். போன வாரம் அப்படிப் படித்துக்கொண்டிருந்தபோது, இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்குக் கதவுக்குப் பின்னால நின்னயே. அவன் யாருன்னு சொன்னப்ப நீ என்ன நெனச்சே?"

"என்னத்த நெனைக்கறது? நாளைக்கு ஆரு படிச்சுச் சொல்லுவாங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

"அதுக்குத்தான் நான் வந்தேனே?"

அவள் மாவு வழித்த கையை உதறிவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்களும் படிக்கறீங்க. இல்லீன்னு சொல்லுல" என்றாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் பேப்பரை எடுத்து, விட்ட இடத்திலிருந்து படித்தேன்.