அச்சியா சாகவில்லை

இரவு படுக்கும்போது இருந்த கடை, விடிந்து பார்த்தால் இல்லை. யாரும் பூட்டை உடைத்துத் தூக்கிக்கொண்டு போகவில்லை. கடல் கடந்த ஏதோ ஒரு கம்பெனி, தன் வலைத்தளத்தில் அச்சியா ஆறு வருஷமாக நடத்திவந்த பக்கத்தை மூடிவிட்டது. ஏன் என்று கேட்டதற்கு, "எங்கள் விதிகளைப் படிக்கவும்" என்று பதில் வந்தது. விதிகள் நாற்பது பக்கம். அச்சியா நாற்பதையும் படித்தாள். ஷிட்டோ விற்கக் கூடாது என்று எங்கேயும் போடவில்லை.

ஷிட்டோ இல்லாமல் கானா நாட்டுக் குமாசி நகரத்தில் பாதிப் பேருக்குச் சோறு இறங்காது. கருவாடு, இறால்தூள், இஞ்சி, மிளகாய் எல்லாவற்றையும் எண்ணெயில் கருக்கக் கருக்க வதக்கிப் பாட்டிலில் அடைக்கும் விழுது அது. அச்சியாவின் ஷிட்டோவுக்கென்று அந்தப் பக்கத்தில் பதினோராயிரம் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவருடைய போன் நம்பர்கூட அவளிடம் கிடையாது. எல்லாம் கம்பெனியின் பெட்டிக்குள்.

"ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிப் போடுடி, திறந்து விட்டுருவாங்க," என்றாள் அக்கா கொனாடு.

"என்ன தப்புக்கு மன்னிப்பு?"

"தப்பை அவங்க பார்த்துப்பாங்க. நீ மன்னிப்பை மட்டும் கேளு."

"முடியாது. வாடகை இடத்துல மாடி கட்டினேன் பாரு, அது என் புத்தி. இனிமே சொந்தத் தளம், சொந்தக் கடை. எவன் தயவும் எனக்கு வேண்டாம்."

"வீறாப்புக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. வர்ற சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள உன் சொந்தத் தளத்துல ஒரே ஒரு ஆர்டர் வரட்டும், நான் வாயை மூடிக்கிறேன். வரலேன்னா கடிதத்தை நான் எழுதுவேன், நீ கையெழுத்துப் போடணும்."

"போடறேன்க்கா!" என்றாள் அச்சியா. கோபத்தில் கொடுக்கும் வாக்குக்கு அளவு ஏது?

தளத்தைக் கட்டிக் கொடுத்தவன் தெருமுனை அச்சகக்காரன் பாரிமா. ஒரே நாளில் கட்டிவிட்டான். முதல் நாள் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் அச்சியா. இன்னொருவர் பாரிமா. மூன்றாமவர் மறுபடியும் அச்சியா.

"விளம்பரம் போடுற பெரிய கம்பெனிக்குக் காசு கட்டினா கூட்டம் தானா வரும்," என்றான் பாரிமா.

"அதுவும் அடுத்தவன் வீடு."

"ரேடியோவுல ஒரு வார்த்தை சொல்லச் சொல்லலாம்."

"அடுத்தவன் வாய்."

"அப்ப நம்ம ஊர் ஜனங்க எதைத்தான் நின்னு படிக்கிறாங்க?"

இருவரும் எதிர்ச் சுவரைப் பார்த்தார்கள். சுவர் முழுக்க இரங்கல் சுவரொட்டிகள். குமாசிக்காரன் கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தாலும் படிக்கமாட்டான். சாவுச் சுவரொட்டி என்றால் வண்டியை நிறுத்திவிட்டுப் படிப்பான். யார், எந்தச் சனிக்கிழமை, சாப்பாடு உண்டா?

"பக்கம் செத்துப்போச்சுன்னு அடிச்சிருவோமா?" என்றான் பாரிமா.

"அடி!" என்றாள் அச்சியா.

செவ்வாய்க்கிழமை ஊரெல்லாம் ஒட்டியாகிவிட்டது. புதன்கிழமை காலையில்தான் அச்சியா நிதானமாக நின்று பார்த்தாள். சிவப்பு, கறுப்பு, அந்த ஊரில் துக்கத்தின் நிறங்கள். மேலே கொட்டை எழுத்தில் 'என்ன கொடுமை இது!' நடுவில் அவள் சிரிக்கும் படம். அதன் கீழே, படத்தைவிடப் பெரிதாக, 'அச்சியா'. அதற்கும் கீழே, எறும்பு படிக்கிற அளவில்: 'அவர்களின் ஷிட்டோ பக்கம் ஆறாம் வயதில் கம்பெனிக்காரர்களால் அகால மரணம் அடைந்தது. துக்கம் சனிக்கிழமை. ஷிட்டோ இனி உயிரோடு இருக்கும் இடம்...' என்று அவள் தளத்தின் முகவரி.

"அட பாவி! நான் செத்த மாதிரி இல்ல இருக்கு!"

"சாவு அச்சுல பேர் பெரிசாத்தான் வரும் அச்சியா. பழகின கை."

போகட்டும், கூட்டம் வந்தால் சரி என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். வியாழக்கிழமை, ஒரு கையால் ஷிட்டோ கிண்டியபடியே மறு கையால் தளத்தைத் திறந்தாள். போன் வழுக்கிச் சட்டிக்குள் விழுந்தது. கரண்டியால் எடுத்தபோது நன்றாகப் பொரிந்திருந்தது.

"என் போன்ல பாரேன்டி," என்றாள் கொனாடு.

"என் ரகசியச் சொல்லை இன்னொருத்தர் போன்ல, பாரிமாவோட கம்ப்யூட்டர்லகூட தட்டமாட்டேன். பட்டது போதும்."

"அப்ப ஆர்டர் வந்துச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

அச்சியா கரண்டியை எடுத்து மறுபடியும் கிண்டத் தொடங்கினாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கெல்லாம் வாசலில் நாற்பது பேர். அத்தனை பேரும் சிவப்பிலும் கறுப்பிலும். சாவு வீட்டில் செய்வதுபோல வரிசையாக வந்து கைகொடுத்தார்கள். வரிசையின் முதலில் டிவா அத்தை, மூன்று தெரு தள்ளி இருப்பவள், அழுகையில் பேர்போனவள்.

"ஐயோ அச்சியா! சொல்லாம கொள்ளாம இப்படியா நடக்கணும்!"

"அத்தே, நான் உயிரோடதான் இருக்கேன்!"

"இருக்கணும்டி கண்ணு. மனசை விட்டுடாதே."

"என்னைக் கிள்ளிப் பாருங்க!"

டிவா அத்தை கிள்ளினாள். நன்றாகவே கிள்ளினாள். பிறகு இன்னும் சத்தமாக அழுதாள். வரிசை சந்து முனைவரை நீண்டுவிட்டது.

அடுத்து குடும்பத் தலைவர் ஓபேங் வந்து சேர்ந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நம்ம குடும்பத்துல ஒரு துக்கம்னா முதல்ல என் காதுக்கு வரணும். யாரைக் கேட்டு ஒட்டினே? ஒரு செம்மறியாடு, ரெண்டு புட்டி சாராயம். அபராதம்."

"நான் செத்ததுக்கு நானே அபராதம் கட்டணுமா ஐயா?"

"செத்ததுக்கு இல்லம்மா. சொல்லாததுக்கு."

கொனாடு அவளைப் பின்கட்டுக்கு இழுத்துப்போனாள். "ரேடியோவுக்குப் போன் போட்டு, சாகலைன்னு ஒரு மறுப்பு சொல்லிடுவோம்டி."

"அடுத்தவன் வாயால நான் உயிர் பிழைக்க வேண்டாம்!"

குமாசியில் வெள்ளை சந்தோஷத்துக்கு உடுத்துவது; வெள்ளைத் துணி கட்டினால் துக்கம் இல்லை என்று எல்லோருக்கும் புரிந்துவிடும் என்று அவளுக்கு ஒரு யோசனை. தலைமுதல் கால்வரை வெள்ளையில் வெளியே வந்தாள். கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

"வெள்ளை கட்டியிருக்கா! அப்ப துக்கம் முடிஞ்சு ஞாயித்துக்கிழமை நன்றி வழிபாடும் இருக்கு. எத்தனை மணிக்கும்மா நாளைக்கு?"

அச்சியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆறு வருஷம் அடுப்படியில் வெந்த வேக்காடு கண்முன் வந்து நின்றது. அதற்குள் கொனாடு, எழுதி முடித்த கடிதத்தோடும் பேனாவோடும் வந்துவிட்டாள்.

"மணி பன்னிரண்டுடி. வாக்குன்னா வாக்கு. ஆர்டர் எங்கே? போடு கையெழுத்து."

அச்சியா கடிதத்தைப் பார்த்தாள். 'அடியேன் செய்த பிழையைப் பொறுத்து...' என்று தொடங்கியது. அதற்குமேல் அவளால் படிக்க முடியவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அதன்மேல் ஏறினாள்.

"எல்லாரும் கேளுங்க! நான் சாகலை! செத்தது என் பக்கம். அதைக் கொன்னவன்கிட்டயே போய் மன்னிப்புக் கேட்கணுமாம், என் அக்கா சொல்றா. வாக்குத் தவறினவள்னு ஊரே பேசட்டும், பரவாயில்ல. என் தளத்துக்கு ஒரு ஈ காக்கா வரலேன்னாலும் சரி, சட்டியைத் தலையில தூக்கிக்கிட்டுத் தெருத் தெருவா விற்பேன். எவன் கால்லயும் விழமாட்டேன். இந்தாங்க!"

கடிதத்தை நாலாகக் கிழித்துப் போட்டாள். கொனாடு தலையில் கை வைத்துக்கொண்டாள். டிவா அத்தை மட்டும் முந்தானையில் மூக்கைச் சிந்திவிட்டு, நிதானமாகக் கேட்டாள்:

"ஏன்டி, நீ செத்துட்டேன்னு நினைச்சிருந்தா, நேத்தே உன் தளத்துல ரெண்டு பாட்டில் ஆர்டர் போட்டுட்டு, அதை வாங்கிட்டுப் போக இந்த வெயில்ல நாங்க வரிசையில நிப்போமா?"