மலையேறுவது என் பொழுதுபோக்கு

எனக்கு நான்கு அந்நிய மொழிகளில் பேசாமல் இருக்கத் தெரியும். அரபியில் பேசாமல் கத்தாரில் கம்பி கட்டினேன். அங்கேயே பீகார்க்காரர்களோடு ஒரே அறையில் இந்தியில் பேசாமல் சமைத்துச் சாப்பிட்டேன். மாலைதீவில் மீன்பிடிப் படகொன்றில் அந்த நாட்டு மொழியில் பேசாமல் வாந்தி எடுத்தேன் (வாந்திக்கு மொழி தேவையில்லை, எல்லாருக்கும் விளங்கும்). ஆங்கிலத்தில் பேசாமல் இருப்பதை மட்டும் பள்ளிக்கூடத்திலேயே முறையாகக் கற்பித்துவிட்டார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தவரை எந்த நாட்டிலும் எனக்கு ஒரு குறையும் வரவில்லை. ஐந்தாவதாக ஒரு மொழியைப் பேசிப் பார்ப்போம் என்று போனேன். அங்கேதான் எல்லாம் பிழையாய்ப் போனது.

பள்ளிக்கூடத்தை நான் விட்டது எட்டாம் வகுப்பில். விட்டது என்றும் சொல்ல முடியாது. சண்டைக்காலத்தில் நாங்கள் எங்கள் ஊரான கிரானிலிருந்து இடம்பெயர்ந்தோம்; பள்ளிக்கூடமும் இடம்பெயர்ந்தது; இரண்டும் வேறு வேறு திசையில் போய்விட்டன. அதன்பிறகு அரிசி ஆலை, மேசன் வேலை, கதிரவெளியில் கரைவலை, கடல் தாண்டிய வேலைகள் என்று கால் போன பக்கமெல்லாம் போய், முப்பதைத் தாண்டிய வயதில் ஒரு பயணப் பையோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அக்கா எனக்குக் கரடியனாற்றில் ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தார். பெயர் நிர்மலா. பாலர் பாடசாலை ஆசிரியை. அவளுக்குச் சம்மதம். எனக்குச் சம்மதத்துக்கும் மேலே. சிக்கல் அவளுடைய அப்பாதான்.

“ஒரு இடத்தில ஆறு மாசம் குந்தி இருக்காத ஆளுக்கு எப்பிடி என்ர பிள்ளையக் குடுக்கிற?” என்று அக்காவிடம் கேட்டார். “யப்பான் மாதிரி நல்ல நாட்டில ஒரு ஒப்பந்தத்தோட வரட்டும். மறுகா பாப்பம்.”

ஊர் சுற்றுகிறான் என்று குறை சொல்லிவிட்டு, இன்னும் தூரமாக ஒரு ஊருக்குப் போகச் சொல்கிறாரே என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை செங்கலடியில் ஒரு கடைக்கு மேல்மாடியில் நடந்த யப்பான் மொழி வகுப்பில் போய்க் குந்தினேன்.

வகுப்பு நடத்தியவரை எல்லாரும் ‘யப்பான் சேர்’ என்றார்கள். அவர் யப்பானில் ஏதோ ஒரு தொழிற்சாலையில் கொஞ்சக் காலம் இருந்தவர். அங்கே இயந்திரத்தோடு வேலை செய்ததால் மனிதர்களோடு அதிகம் பேசக் கிடைக்கவில்லையாம். ஆனால் பரீட்சை எடுக்கும் வழி அவருக்கு அத்துப்படி. நம்முடைய ஆட்களிடம் எதைக் கொடுத்தாலும் பாடமாக்கிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். தண்ணீர் வட்டத்தையும் பாடமாக்கினோம், பசுவைப் பற்றிய கட்டுரையையும் பாடமாக்கினோம். நம்மைப் பற்றிச் சொல்வதையும் ஏன் பாடமாக்கக்கூடாது? ஆகவே அவர் ஒரே ஒரு சுய அறிமுகத்தை வெண்பலகையில் எழுதிப் போட்டார். பெயரையும் ஊரையும் மட்டும் அவரவர் மாற்றிக்கொள்ள வேண்டும். மிச்சமெல்லாம் எல்லாருக்கும் பொது.

அதில் ஒரு வரி: ‘மலையேறுவது என் பொழுதுபோக்கு. மலை எனக்குப் பொறுமையைக் கற்றுத் தருகிறது.’

வாழைச்சேனையிலிருந்து வந்த சுதன் கையைத் தூக்கினான். “சேர், நம்மட பக்கம் எங்கால மலை? நான் வாவியில தூண்டில் போடுறனான். அதச் சொல்லலாந்தானே?”

“தூண்டில் போடுறவன் சோம்பேறி எண்டு அவன் நினைப்பான் தம்பி. மலை எண்டாத்தான் உழைப்பாளி. எழுது.”

எழுதினோம். சுதனும் எழுதினான்.

படிப்பை இடையில் விட்டவனுக்குத்தான் படிப்பின்மேல் பக்தி அதிகம். வகுப்பில் என்னைப்போல் யாரும் உருப்போடவில்லை. வட்டையில் அக்காவின் வயலுக்குத் தண்ணீர் கட்டும்போதும் வரப்பில் நின்று அதையே உரத்துச் சொன்னேன், ஒவ்வொரு வசனத்துக்கும் இடுப்பை வளைத்துக் கும்பிட்டபடி. பக்கத்து வயல்காரர் அக்காவிடம் போய், “தம்பிக்கு உரு வந்திருக்குப் போல, கோயிலுக்குக் கூட்டிற்றுப் போ பிள்ளை” என்று சொல்லியிருக்கிறார்.

வாசிப்பதும் எழுதுவதும் எப்படியோ ஏறியது. யாராவது பதிலுக்குப் பேசினால்தான் ஆபத்து. அதற்கும் சேரிடம் மருந்து இருந்தது.

“விளங்காட்டி என்ன செய்ற? ஹய் எண்டு சொல்லிக் குனிய வேணும். ஹய் எண்டா ஓம். ஓம் எண்டு சொல்லிக் கெட்டவன் உலகத்தில இல்ல.”

ஒருநாள் யப்பானிலிருந்து மொரிதா சான் என்ற தோட்ட முதலாளி ஆள் எடுக்க நேரிலேயே வந்தார். கோவா, அதாவது முட்டைக்கோசு, பயிரிடுபவர். அறுபதைத் தாண்டிய மனிதர்; மெல்லிய உடம்பு. மட்டக்களப்பு நகரில் வாவிக் கரையோரமாக ஒரு விடுதியில் நேர்முகப் பரீட்சை. எங்கள் வகுப்பிலிருந்து ஐந்து பேரைச் சேர் தெரிந்து அனுப்பினார். நான் கடைசி. அறைக்குள் சேரும் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருந்தார் (அவருக்கு மொழிபெயர்க்க இன்னொருவர் தேவைப்பட்டது பிறகுதான் தெரிந்தது).

சுதன் உள்ளே போனான். மூடிய கதவுக்கு வெளியே ‘மலையேறுவது’ கேட்டது. அடுத்தவன் போனான். மலையேறுவது. மூன்றாமவன், நான்காமவன். ஒவ்வொரு முறையும் மொரிதா சானின் குரல் கொஞ்சம் உயர்ந்துகொண்டே வந்தது. கோபப்படுகிறார் என்று நினைத்தேன். என் முறை வந்தது. நான் ஒரு எழுத்துப் பிசகாமல் முழுவதையும் ஒப்புவித்து, மலை எனக்குக் கற்றுத் தந்த பொறுமையைச் சொல்லி முடித்து நிமிர்ந்தேன். மனிதர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

பிறகு பேசத் தொடங்கினார். நீளமாகப் பேசினார். அதில் ‘யமா’ என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. யமா என்றால் மலை. அவ்வளவுதான் பிடிபட்டது. சேரைப் பார்த்தேன். சேர் மேசை விரிப்பைப் பார்த்தார். நான் குனிந்து, “ஹய்” என்றேன். அவர் இன்னும் ஏதோ கேட்டார். “ஹய்.” விரல்களைக் காட்டி ஏதோ கேட்டார். “ஹய்.” அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். வேலை கிடைத்துவிட்டது, நிர்மலா கிடைத்துவிட்டாள் என்று மிதந்துகொண்டு வெளியே வந்தேன்.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவர் நிலையத்து ஆள் மொரிதா சானிடம் விசாரித்துவிட்டு வந்து சொன்னபோதுதான் விசயம் வெளியானது. மொரிதா சான் இளமையிலிருந்து மலையேறுகிறவர். தட்டையான வாவிக் கரையில் இத்தனை மலையேறிகளைச் சந்திப்பேன் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லையாம். நாளை விடியற்காலை எங்கள் மலைக்குத் தன்னைக் கூட்டிப்போவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

“ஏன்டா ஹய் எண்டு சொன்னனீ?” என்று சேர் பாய்ந்தார்.

“நீங்கதானே சேர் சொன்னீங்க, ஹய் எண்டு கெட்டவன் இல்லையெண்டு.”

“சரி விடு. உன்ர ஊர்ல குடும்பிமலை இருக்குத்தானே.”

“என்ர ஊர்ல இல்ல சேர். என்ர ஊருக்குப் பின்னால, எங்கயோ தூரத்தில நிக்குது.”

மற்ற நால்வரையும் தேடினேன். ஒருவனுக்குக் காய்ச்சல். ஒருவனுக்குச் செத்த வீடு. ஒருவனின் தொலைபேசி வேலை செய்யவில்லை. சுதன் மட்டும் எடுத்தான். “மச்சான், எனக்கு உசரம் எண்டா தலை சுத்தும்டா. நீ போயிற்று வா. நாங்க எல்லாரும் உனக்காகக் கும்பிடுறம்.”

குடும்பிமலையை நான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் அதை எல்லாரும் பார்ப்பார்கள். காணாமற்போன மாடு தேடி அடிவாரம்வரை போவார்கள். மாடே ஏறாத இடத்தில் மனிதனுக்கு என்ன வேலை என்று திரும்பிவிடுவார்கள்.

அக்காவின் கணவர் தன் உழவு மெசினில் எங்களைக் கூட்டிப்போனார். அவர் எனக்கு மச்சான்; நானும் அவருக்கு மச்சான். மொரிதா சான் தடித்த சப்பாத்து, இரண்டு ஊன்றுகோல், தொப்பி, கயிறு என்று சகல ஆயத்தங்களோடும் வந்திருந்தார். முதுகுப் பையில் ஒரு சின்ன மணி தொங்கிக் கிணுங்கியது. யப்பான் மலைகளில் கரடியை விரட்டுவதற்குக் கட்டுவார்களாம். நான் செருப்பு.

“மச்சான், என்னது, பட்டி மாடு மாதிரி மணி கட்டிற்று வாறார்?” என்று மச்சான் மெசின் இரைச்சலுக்கு மேலால் கத்தினார். “இஞ்ச யானை நிக்கிற இடம் எண்டு சொல்லன்.”

யானைக்கு யப்பான் மொழியில் என்ன என்று எனக்குத் தெரியாது. வெண்பலகையில் யானை இருக்கவில்லை. கையை மூக்கில் வைத்துத் தும்பிக்கையாக ஆட்டிக் காட்டினேன். மொரிதா சான் மகிழ்ந்துபோய்த் தானும் மூக்கில் கை வைத்து ஆட்டினார். நல்ல வேளை, யானைகளுக்கு அன்று வேறு இடத்தில் அலுவல் இருந்தது.

காட்டுக்குள் நடந்தவரை நான் முன்னால் வீரமாகத்தான் போனேன். பாறை தொடங்கியதும் அவர் முன்னால் போனார். பாதிப் பாறையில் நான் திரும்பிக் கீழே பார்த்தேன். கீழே காடு, அதற்கப்பால் வயல், அதற்கும் அப்பால் வெள்ளித் தகடு மாதிரி வாவி. அழகாகத்தான் இருந்தது. என் கால் இரண்டும் அந்த அழகில் மயங்கி, தாங்கள் இனி அசைவதில்லை என்று முடிவெடுத்துவிட்டன. பல்லியைப்போலப் பாறையில் ஒட்டிக்கொண்டேன். ஒரு செருப்பு தன்பாட்டில் கீழே போனது.

அடிவாரத்திலிருந்து மச்சான், “மச்சான்! கண்ண மூடிற்று இறங்கு!” என்றார்.

“கண்ண மூடினா கால எங்க வைக்கிற?”

“அப்ப மூடாம இறங்கு!”

மொரிதா சான் மேலிருந்து குனிந்து ஏதோ கேட்டார். அந்த நேரத்திலும் வாய் பழக்கத்தில், “ஹய்” என்றது. அவர் சரி என்று மேலே ஏறத் தொடங்கினார். இன்னும் ஏறுவோமா என்று கேட்டிருக்கிறார் போலும். ஏதாவது சொல்லியாக வேண்டும். தலைக்குள் இருந்ததோ ஒரே ஒரு பாடம். பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, “மலையேறுவது என் பொழுதுபோக்கு! மலை எனக்குப் பொறுமையைக் கற்றுத் தருகிறது!” என்று யப்பான் மொழியில் அலறினேன்.

மணிச் சத்தம் நின்றது. மெல்லத் திரும்பி வந்தது. அவர் என் முகத்துக்கு நேரே வந்து உட்கார்ந்தார். இவரிடம் உண்மையைச் சொன்னால் யப்பான் போய்விடும். யப்பான் போனால் நிர்மலா போய்விடுவாள். சொல்லாவிட்டால் நானே போய்விடுவேன். வெண்பலகையில் இல்லாத ஒரு வசனத்தை முதன்முதலாக நானே கட்டினேன். மூன்றே சொற்கள். மலை. பயம். முதல்தரம்.

அந்த மொழியில் நான் உண்மையாகப் பேசியது அவ்வளவுதான். அது அவருக்கு உடனே விளங்கியது.

அவர் சிரிக்கவில்லை. தன் கயிற்றை எடுத்து என் இடுப்பில் கட்டினார். மேலே இருந்து அவர் கயிற்றை விடவிட, நான் சிறுபிள்ளை சறுக்குவதுபோல் உட்கார்ந்தபடியே அரக்கி அரக்கி இறங்கினேன். காற்சட்டையின் பின்பக்கம் குடும்பிமலையிலேயே தங்கிவிட்டது. அடிவாரத்தில் மச்சான் தன் சாரனைக் கழற்றித் தந்தார் (உள்ளே அரைக்காற்சட்டை போட்டிருந்தார், அவர் எதற்கும் ஆயத்தமான மனிதர்).

முடிவை அடுத்த கிழமை சேர் தொலைபேசியில் சொன்னார். மற்ற நால்வரும் தெரிவு.

“உன்னப் பத்தி நல்லாத்தான் சொன்னார் தம்பி. நேர்மையான ஆளாம்.”

“அப்ப ஏன் சேர்?”

“அவர்ர தோட்டம் மலைச்சரிவில இருக்காம்.”

நால்வரும் விமானம் ஏறினார்கள். கொஞ்ச நாளில் சுதன் அங்கிருந்து தொலைபேசியில் அழைத்தான். “மச்சான், ஒவ்வொரு ஞாயிறும் மலைடா. லீவு நாளெண்டு படுக்க விடுறாரில்ல. எங்கட பொழுதுபோக்காம். முதுகில மணி வேற கட்டி விடுறார்.” எனக்கு அன்று இரண்டு கோப்பை சோறு கூடுதலாக இறங்கியது.

நிர்மலா வீட்டுக்கு இந்தக் கதை எனக்கு முன்னாலேயே போய்விட்டது. அவளே அழைத்தாள். “மலையில நிண்டு அழுதீங்களாமே?”

“ஓம்.”

“பெரிசாவா?”

“ஓம்.”

“சரி, அப்பா வரச் சொன்னவர்.”

தட்டிக் கழிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் போனேன். மனிதர் தேத்தண்ணி தந்து, “யப்பானுக்கே ஆகாதவன், மலையும் ஏற மாட்டான், இனி எங்க ஓடப் போறான்?” என்று தன் மனைவியிடம் திருப்தியாகச் சொன்னார். பிறகு என்னிடம் நீளமாக ஏதோ பேசினார். சுத்தமான கரடியனாற்றுத் தமிழ்தான். ஆனால் எனக்குக் காது அடைத்துவிட்டது. கதவுக்குப் பின்னால் நிர்மலாவின் சேலைக் கரை தெரிந்தது. அவர் நிறுத்திய இடங்களிலெல்லாம், “ஓம் மாமா” என்றேன்.

“அப்பா, அவர் விளங்கித்தான் ஓம் எண்டாரா எண்டு ஒருக்காக் கேளுங்க” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“விளங்கித்தான் மாமா” என்றேன்.

கலியாணம் முடிந்த பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. எங்கள் வழக்கப்படி பெண் வீட்டிலேயே வந்து இருப்பேன் என்பது மட்டுமல்ல. மாமாவின் வயல் முழுவதையும் இனி நானே செய்வேன், யானைக் காலத்தில் பரணில் காவல் இருப்பேன், வெளிநாடு என்ற சொல்லையே எடுக்கமாட்டேன் என்றெல்லாம் அன்று ஒத்துக்கொண்டிருக்கிறேன். அன்றிலிருந்து கரடியனாற்றை விட்டு அசையவில்லை. எங்கள் வீட்டில் இப்போது இரண்டு வகையான சம்மதம் உண்டு. நான் தலையாட்டும்போதெல்லாம் நிர்மலா, “இது ஓமா, ஹய்யா?” என்று கேட்டுத் தெளிந்துகொண்டுதான் அடுத்த வேலை பார்ப்பாள்.

நேற்று மாமா, வேலிக் கம்பியோ வாய்க்காலோ எதைப் பற்றியோ வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். “ஓம் மாமா” என்றேன். முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த மகள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

“அம்மப்பா, திரும்பச் சொல்லுங்க. அப்பா ஹய் சொல்லுறார்.”