உலார்பெக் இழந்த பன்னிரண்டு கிலோ

கொழுப்பு கெட்டது என்பது அத்பாஷி ஊருக்கு அந்தக் கோடையில்தான் தெரியவந்தது. அதுவரை அது செம்மறி ஆட்டின் பின்னால் தலையணை மாதிரித் தொங்கும் நல்ல விஷயம். கல்யாணத்தில் சம்பந்தி வாயில் வால் கொழுப்பை ஊட்டாவிட்டால் உறவே முறிந்துபோகும். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்த தோக்தோமுஷ் அதையே உருக்கி, மஞ்சள் மாத்திரைக்குள் அடைத்து, "கொழுப்பமிலம்" என்றதும் ஊரே பழைய சினிமாக் கொட்டகை வாசலில் வரிசை கட்டியது.

அவரிடம் வெள்ளைக் கோட்டு இருந்தது. கோட்டுப் பையில் நான்கு பேனா இருந்தது. ஒரு மனிதரை நம்ப இதற்கு மேல் என்ன வேண்டும்?

அவர் சொன்ன தத்துவம் எளிது. இந்த நல்ல கொழுப்பு உள்ளே போய்க் கெட்ட கொழுப்பைத் தின்னும். தின்று கொழுத்துத் தசையாக மாறும். ஒரு டப்பாவின் விலை ஒரு ஆடு.

வரிசையில் முதல் ஆள் உலார்பெக். மல்யுத்த வீரன். நரீனில் மாவட்ட அணிக்கு எடை பார்க்கப் போகிறார்கள். எண்பத்திரண்டு கிலோவுக்கு மேல் ஒரு கைப்பிடி இருந்தாலும் அவன் இடம் இன்னொருவனுக்கு. மூன்று வருடமாக அந்த இடத்துக்காக முதுகில் மண் ஒட்டாமல் பார்த்துக்கொண்டவன். கொட்டகைத் தராசில் அவன் எடை எண்பத்தேழு.

வைத்தியம் சனிக்கிழமை மதியம் தொடங்கும். வந்தவர்களை முதலில் விரிப்பில் உட்காரவைத்துவிடுவார் தோக்தோமுஷ். அந்த ஊரில் விரிப்பில் வைத்ததைத் தொடாமல் எழுந்தால் அந்த வீட்டை அவமதித்ததாகும். யாரும் அவமதிக்கவில்லை. உப்பில் ஊறிய தயிர்க்கட்டி உருண்டைகள், இறைச்சி, அதற்குமேல் உப்புப் பால்தேநீர் ஆளுக்கு எட்டுக் கிண்ணம். வயிறு டமாரமானதும் தராசு ஏற்றுவார். மாத்திரை தருவார். மாலையில் எல்லோரும் வியர்வைக் குளியலறைக்குப் போக வேண்டும். ஞாயிறு காலை வெறும் வயிற்றோடு மறுபடி தராசு.

உலார்பெக் மூன்று கிலோ குறைந்திருந்தான். கொட்டகை கைதட்டியது. அடுத்த வாரமும் மூன்று. அதற்கடுத்த வாரமும் மூன்று.

"ஒன்பது கிலோ போயிடுச்சுக்கா," என்று அக்காவிடம் சொன்னான்.

அக்கா புருல்ச்சா கால்நடைச் சந்தையில் தராசு பார்ப்பவள். பதினோரு வருடமாக ஆட்டையும் மாட்டையும் எடைபோட்டு, மனிதர்கள் மீதிருந்த மரியாதையைப் பெருமளவு இழந்திருந்தாள்.

"ஒன்பது போனா எழுபத்தெட்டுல்ல இருக்கணும். நேத்து மத்தியானம் எவ்ளோடா?"

"எண்பத்தேழு."

"அப்ப?"

"போனது கொழுப்பு. வந்தது தசை. ஐயா அப்பவே சொன்னாரு."

"நரீன் தராசுக்குக் கொழுப்பு வேற தசை வேறன்னு தெரியுமா?"

உலார்பெக் இதை யோசிக்கவில்லை. யோசித்தால் தசை கரையும் என்று ஐயா சொல்லியிருந்தார்.

நான்காம் சனிக்கிழமை புருல்ச்சா ஒரு கிடாயை இழுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். விருந்தாளி என்றாள். வாலில் கொழுப்பு அதிகமாகிவிட்டதாம், நடக்கவே கூச்சப்படுகிறதாம். கூட்டம் சிரித்தது. கூட்டம் சிரித்ததால் தோக்தோமுஷும் சிரித்தார். அதுதான் அவர் செய்த ஒரே தொழில் தவறு. விருந்தாளிக்கு என்ன உண்டோ அதைக் கிடாய்க்கும் வைத்தாள் அவள்: ஒரு பிடி உப்பு, அப்புறம் வாளி வாளியாகத் தண்ணீர். தராசில் ஏற்றினார்கள். எழுபத்தொன்று.

"மாத்திரை?" என்றார் தோக்தோமுஷ், பெருந்தன்மையோடு.

"அதுக்கு வேண்டாமாங்க. வால்லயே இருக்காம்."

ஞாயிறு காலை, ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்த கிடாய் மறுபடி ஏறியது. அறுபத்தேழு. ஊரிலேயே யாரும் ஒரே ராத்திரியில் நான்கு கிலோ இழந்ததில்லை. கைதட்டப் போன கைகள் பாதியில் நின்றன.

பின்வரிசையில் ஆட்டு வியாபாரி செய்தாலி எழுந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டார். நாற்பது வருடமாகச் சந்தையில் ஏமாறாதவர். அன்றுவரை இரண்டு டப்பா விழுங்கியிருந்தார்.

"இது உப்பு வெச்ச ஆடாச்சே," என்றார் மெதுவாக. "எடை காட்ட உப்ப நக்க விட்டுத் தண்ணி குடுக்கறது. சின்னப் புள்ளைக்கும் தெரியுமே."

சொல்லிவிட்டு, முந்தின நாள் தான் குடித்த எட்டுக் கிண்ணத்தை நினைத்து, உட்கார்ந்துவிட்டார்.

தோக்தோமுஷ் தளரவில்லை. கிடாயின் வாலில் அதே அமிலம் இயற்கையாகச் சுரப்பதாகவும், அது தன் கண்டுபிடிப்பை நிரூபித்துவிட்டதாகவும் விளக்கினார். அப்படியானால் தலைமுறை தலைமுறையாகக் கல்யாணத்தில் வால் தின்கிற சம்பந்திகளெல்லாம் ஒல்லிக்குச்சியாக அல்லவா இருக்க வேண்டும் என்று புருல்ச்சா கேட்டாள். எல்லோரும் திரும்பிச் சம்பந்திகளைப் பார்த்தார்கள். ஆளுக்கு இரண்டு நாற்காலியை நிறைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"தம்பி, ஏறு," என்றாள். உலார்பெக் ஏறினான். முள் நின்றது.

"எவ்ளோ?"

"எண்பத்திநாலு. மொத்தம் பன்னிரண்டு கிலோ போயிருக்கு."

"மொத ஞாயித்துக்கிழமை காலைல எவ்ளோ இருந்த?"

அவன் விரலை மடக்கினான்.

"எண்பத்திநாலு," என்றான்.

அதற்குள் தோக்தோமுஷ் தன் வேனில் ஏறிவிட்டிருந்தார். உலார்பெக் துரத்தினான். பாலத்தைத் தாண்டி, மேய்ச்சல் மேட்டைத் தாண்டி, வேன் மறைந்த பிறகும் கோபத்தில் ஓடினான். மறுநாளும் ஓடினான், அதே கோபத்தோடு. விரிப்பில் பாதித் தட்டோடு எழுந்து பல வீடுகளை அவமதித்தான். பன்னிரண்டாம் நாள் நரீன் தராசு எண்பத்தொன்று புள்ளி எட்டு காட்டியது. இடம் அவனுக்கே.

ஊர் பூரித்துப்போனது. "பார்த்தீங்களா, மாத்திரை கொஞ்சம் லேட்டாத்தான் வேலை செய்யுது," என்றார் செய்தாலி. மீதமிருந்த டப்பாக்களை அலமாரியில் பத்திரப்படுத்தினார்கள்.

புருல்ச்சா மறு ஞாயிறு அந்தக் கிடாயைச் சந்தைக்குக் கொண்டுபோனாள். வாங்க வந்தவர்கள் வாயைப் பிளந்து பல் பார்த்தார்கள், நாக்கில் உப்பு இருக்கிறதா என்று தடவினார்கள், வயிற்றைத் தட்டினார்கள், தண்ணீர் காட்டினாயா என்று மூன்று முறை கேட்டார்கள். ஆட்டை இப்படிச் சோதிக்கிற மக்கள், தங்களுக்கு உப்பு வைக்க வருகிறவனிடம் ஒரே ஒரு கேள்வியாவது கேட்கலாம். ஆட்டுக்குக் கிடைக்கிற மரியாதையை மனிதனும் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டால் ஒன்றும் குறைந்துவிடாது, எடைகூட.