விருந்தாளி ஒருவர்

"யோவ் தணிகை, நம்ம வெப்சைட்டுல 'விருந்தாளி ஒருவர்'னு போட்டுக்கினு கீதே, யாருய்யா போடச் சொன்னது?"

முதலாளி சஹாபுதீன் இன்டர்காமில் கத்தினார்.

"அது தானா வருது சார். அந்த நேரத்துல சைட்டைப் பாக்குறவங்க எத்தினி பேருன்னு அதுவே எண்ணிச் சொல்லும்."

"ஒருத்தன்தான் பாக்குறான்னு ஊருக்கே தமுக்கு அடிக்கணுமா? மொதல்ல அத எடு!"

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் போல்ட்டும் நட்டும் செய்யும் அந்தக் கம்பெனியில் தணிகைவேலுக்குக் கணக்கு எழுதும் வேலை. கம்ப்யூட்டர் தெரியும் என்று ஒருநாள் வாய்தவறிச் சொன்னதில் வெப்சைட்டும் அவன் தலையில் விழுந்தது. இருந்த இடத்திலிருந்தே சைட்டை மாற்ற ஒரு மென்பொருளை இலவசமாக இறக்கி வைத்திருந்தான். அதில் டெம்ப்ளேட் என்று ஒன்று உண்டு. உடம்பு அப்படியே இருக்கும், சட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். என்ன, தணிகைவேல் கழற்றிய சட்டைகளில் பாதி தோலையும் சேர்த்து உரித்துக்கொண்டுதான் வந்தன.

எடு என்றால் எடுத்துவிட வேண்டியதுதானே? அவனுக்குக் கை வரவில்லை.

முப்பத்தாறு வயது. ரயிலடிப் பக்கம் ஒற்றை அறை. கடம்பத்தூரில் அண்ணன் குடும்பம் இருந்தது, போனால், செருப்பைக் கழற்றுவதற்குள் "எப்போ கெளம்புற?" என்று கேட்கும் அளவுக்குப் பாசம். அவன் செல்போனுக்கு வருவதெல்லாம் காலர் ட்யூன் விற்கிற பெண்ணின் பதிவுக்குரல்தான். அதைக்கூட அவன் பாதியில் வெட்டமாட்டான். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரிம்மா" என்று சொல்லி வைப்பான். அப்படிப்பட்டவனைத் தேடி, ஞாயிறு தவிர எல்லா நாளும் ஒருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனால் விரட்ட மனசு வருமா? அது அவனே இல்லை என்பதையும் சோதித்துப் பார்த்துவிட்டான். அவனை அந்த மென்பொருள் தனியாக, 'உறுப்பினர்' என்று எண்ணியது. விருந்தாளி வேறு ஆள்தான்.

அந்த வரியை எடுக்காமல் பக்கத்தின் அடியில் ஒளித்து வைத்தான். உடனே மேலே இருந்த மெனு கீழே இறங்கியது. அதைத் தூக்கி நிறுத்தினால், முதலாளியின் புகைப்படத்தின் மேல் நட்டு விலைப்பட்டியல் போய் உட்கார்ந்தது.

"யோவ்! என் மூக்குமேல முக்கால் இஞ்ச் நட்டு வெல எழுதிக்கீது!"

"லேஅவுட் மாறுது சார். சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும்."

"டீ சார்," என்று டம்ளரை வைத்தாள் குப்பம்மாள். கம்பெனியைப் பெருக்கித் துடைத்து, டீயும் கொடுப்பவள். "ஆறிப்போவுது சார்."

"உம்," என்றான் தணிகைவேல், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்று அவனுக்கு ஒரு யோசனை வந்தது. சைட்டில் வாக்கெடுப்பு வைக்க வசதி இருந்தது. 'எங்கள் தளத்துக்கு எந்த நிறம் பிடிக்கும்?' என்று கேட்டு, பச்சை, நீலம், கத்திரிப்பூ என்று மூன்று வண்ணக் கட்டங்களை வைத்தான். மறுநாள் பார்த்தால் கத்திரிப்பூவுக்கு ஒரு வாக்கு! தணிகைவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் கேட்ட கேள்விக்கு ஒருவர் பதில் சொல்லி எத்தனை நாளாகிறது! சைட் முழுவதையும் கத்திரிப்பூ நிறமாக்கினான்.

"இன்னாய்யா இது, கல்யாணப் பந்தலா?"

"கஸ்டமர் ஓட்டு சார். நூத்துக்கு நூறு."

வந்தது ஒரே ஒரு ஓட்டு என்பதை அவன் சொல்லவில்லை. நூற்றுக்கு நூறு என்றதும் சஹாபுதீன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரிசப்ஷன் பெண் கல்யாணமாகிப் போய் ஆறு மாதமாகியும் அந்த நாற்காலிக்கு ஆள் போடாத மனுஷர், அந்த வாரமே கம்பெனி வாசலுக்குக் கத்திரிப்பூ பெயின்ட் அடித்தார். போல்ட் போகிற அட்டைப்பெட்டியும் அதே நிறமானது. பழைய வாடிக்கையாளர் ஒருவர், பெட்டியைப் பார்த்து வளையல் என்று நினைத்துத் திருப்பி அனுப்பினார்.

தணிகைவேலுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. மெனு இடப்பக்கமா, வலப்பக்கமா என்று கேட்டான். வலப்பக்கம் என்று வந்தது. மாற்றினான். படம் பெரிதாகவா, சிறிதாகவா? பெரிதாக. மாற்றினான். ஒருநாள் தைரியம் முற்றி, முதலாளி கண்ணில் படாத ஒரு மூலையில், 'சாப்பிட்டாச்சா?' என்றே கேட்டுவிட்டான். 'இல்லை' என்று பதில் வந்தது. பாவம், யாரோ எவரோ, பட்டினி கிடக்கிறார் என்று இவனுக்கும் சோறு இறங்கவில்லை.

"இன்னா சார், டப்பாவே தொறக்கல? சாப்டலயா?" என்றாள் குப்பம்மாள்.

"உம்."

கடைசியில் முதலாளியே இறங்கி வந்தார். "அந்தப் பார்ட்டி யாருன்னு கண்டுபுடி தணிகை. இவ்ளோ அக்கறையா பாக்குறான்னா பெரிய ஆர்டர் வச்சினு கீறான். நேர்ல வரச் சொல்லு. வரலைன்னா இந்த வெப்சைட்டு பேஜாரே வேணாம், மூடிடு."

சைட்டை மூடினால் விருந்தாளி எங்கே போவார்? தணிகைவேல்தான் எங்கே போவான்? அன்றே கேட்டான்: 'நாளைக் காலை சந்திக்கலாமா?' ஆமாம் என்று ஒரு வாக்கு. 'எங்கே? ரயில் நிலையமா, கம்பெனியா?' மத்தியானத்துக்குள் பதில் வந்தது. ரயில் நிலையம்.

மறுநாள், அடையாளம் தெரியட்டும் என்று கத்திரிப்பூ நிறத்தில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றான். சென்னையிலிருந்து வண்டிகள் வந்தன. இறங்கியவர்கள் ஷிப்டுக்கு ஓடினார்கள். ஒவ்வொரு முகத்தையும் பார்த்து இவன் பாதிச் சிரிப்பு சிரித்தான். ஒருவர் பதிலுக்குச் சிரித்தார். மணி கேட்டுவிட்டுப் போய்விட்டார். வெயில் ஏறியது. இட்லி விற்ற அம்மாள்கூடக் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். இத்தனை பெரிய உலகத்தில் தன்னைப் பார்க்க வர ஒரு ஆள் இல்லை என்று நினைத்தபடி தணிகைவேல் கம்பெனியைப் பார்த்து நடந்தான்.

கம்பெனிக்குப் போனபோது தொழிலாளர் நுழைகிற பின்வாசல் பூட்டியாகிவிட்டது. பல மாதங்களுக்குப் பிறகு முன்வாசல் வழியாக நுழைந்தான். ரிசப்ஷனில் ஆளில்லை. ஆனால், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று முதலாளி எப்போதோ திறந்து வைக்கச் சொன்ன கம்பெனி சைட், அங்கிருந்த கம்ப்யூட்டரில் இன்னும் திறந்தே இருந்தது.

அதன் முன்னால் துடைக்கிற துணியோடு குப்பம்மாள் நின்றிருந்தாள். ஒரு கை மவுஸ்மேல் இருந்தது. கட்டியிருந்தது கத்திரிப்பூ நிறச் சேலை. அவள் என்ன சேலை கட்டுவாள் என்பதை அவன் இன்றுதான் பார்த்தான்.

"குப்பம்மா... இதுல நீதான் அமுக்குறியா?"

அவள் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"முதலாளிகிட்ட சொல்லிடாத சார். தொடைக்கச் சொல்ல ஒருநாளு தெரியாம கை பட்டுச்சி. அப்புறம் தெனிக்கும் இந்தாண்ட வர்றப்பல்லாம் நானே அமுக்குறேன்."

"அதுல என்ன எழுதியிருக்குன்னு..."

"எனுக்கு எங்க சார் படிக்கத் தெரியும்? ஏதோ ஒரு வட்டத்துல ஒண்ணு, கீழ கட்டத்துல ஒண்ணு, அவ்ளோதான்."

தணிகைவேல் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "தெரியாமயே எதுக்கு அமுக்குற?"

குப்பம்மாள் திரையில் ஒட்டியிருந்த தூசியை முந்தானையால் பதமாக ஒற்றி எடுத்தாள்.

"ஊட்லயும் சரி, இங்கயும் சரி, நான் பேசுனா 'உம்'முனுவாங்க சார், இந்தப் பொட்டி ஒண்ணுதான் நான் இன்னா சொன்னாலும் மறுநாளே கேட்டு நடந்துக்கினு கீது."