பதவி வரிசையில் ஒரு பாலைவன நடை

பிராங்பேர்ட்டில் 2006ஆம் ஆண்டு தமிழ் நடையர் சங்கம் முறைப்படி பதிவாயிற்று. ஜெர்மன் சட்டப்படி ஏழு பேர் வேண்டும். ஆறு பேருக்குப் பதவி கிடைத்தது. ஏழாமவள் வசுந்தரா, ஆஹென் நகரப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் படிப்பவள். வரைபடம் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள். ஆகவே வெறும் உறுப்பினர்.

முதல் பயணம், ஜோர்தான் பாலைவனத்தில் ஆறு அறுத்த குறுகலான பாறைப் பிளவு வழியே மூன்று நாள் நடை. மூன்றாம் நாள் மாலை மறுமுனையில் ஜீப் நிற்கும். அதை விட்டால் விமானம் போச்சு; விமானம் போனால் திங்கட்கிழமை வசுந்தராவின் வாய்மொழித் தேர்வும் போச்சு.

சங்கத்தாருக்கு அந்தக் கவலை இல்லை. ஜெர்மன்காரர்களைப் பார்த்து, பன்னிரண்டு பை வைத்த ஜாக்கெட்டும் ஆளுக்கு இரண்டு ஊன்றுகோலும் வாங்கியிருந்தார்கள். பிளவிலோ இரண்டு தோள் நுழைவதே பெரும்பாடு. கோல்களைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, சரணடைந்த படை மாதிரி நடந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும் என்பதால் சங்கத்தின் விதி நான்கு அமலுக்கு வந்தது: பதவி வரிசை. முதலில் தலைவர் நரசிம்மன், கடைசியில் வசுந்தரா.

மூன்றாம் நாள் காலை வழி பிரிந்தது. தண்ணீர் வலப்பக்கம் ஓடியது. தலைவர் தம் புது பூட்ஸ் நனையாத இடப்பக்கம் திரும்பினார்.

"சார், தண்ணி போற பக்கம் போங்க! இது முட்டுச்சந்து!"

அவளுக்கு முன்னால் நின்ற இணைச் செயலாளர் கிரிதர் கை காட்டித் தடுத்தார். "கத்தக் கூடாது மேடம். எதுவா இருந்தாலும் ப்ராப்பர் சேனல்ல வாங்க."

புகார் ஐந்து வாய் மாறி முன்னே போயிற்று. இருபது நிமிடத்தில் பதில் வந்தது: "தலைவர் பரிசீலிக்கிறார்." பரிசீலனை இரண்டு மணி நேரம் நடந்து, செங்குத்துப் பாறையில் மூக்கிடித்து முடிந்தது.

திரும்பியாக வேண்டும். அங்கேதான் சட்டச் சிக்கல்.

"எல்லாரும் திரும்பினா நான் கடைசி ஆயிடுவேனேப்பா," என்றார் நரசிம்மன், நிஜமான வருத்தத்தோடு.

"எனக்கு எக்ஸாம் இருக்கு சார்! உங்களுக்கெல்லாம் மூளைன்னு ஒண்ணு இருக்கா?"

கிரிதர் விதிப் புத்தகத்தைப் பிரித்தார். "திரும்பினாத்தானே சார் பிரச்சினை? முகத்தை இப்படியே வச்சுக்கிட்டு பின்னாலயே நடந்தா, நீங்கதான் முன்னாடி."

அவ்வாறே தீர்மானமாயிற்று. ஆறு பதவிகளும் பின்பக்கமாக நடந்தன. வசுந்தரா மட்டும் முகம் திருப்பி, வழி சொல்லி, வைது, இழுத்து, ஜீப் கிளம்புகிற நேரத்தில் கொண்டு சேர்த்தாள். தேர்விலும் தேறினாள்.

அடுத்த பொதுக்குழுவில் நரசிம்மனே முன்மொழிய, வசுந்தரா ஏகமனதாகத் தலைவியானாள்.

"மேடம், விதி நாலை எடுத்துடலாமா?" பேனாவும் கையுமாக நின்றார் கிரிதர்.

வசுந்தரா எதிரே உட்கார்ந்திருந்த ஆறு பேரையும் ஒருமுறை பார்த்தாள்.

"இப்ப என்ன அவசரம்? அடுத்த ட்ரிப் முடியட்டும்."