தூக்கத்துக்குப் பதினோராவது இடம்

"அந்த அம்மாவைப் பாருங்க, எப்படிக் கொட்டாவி விடறாங்க! கொஞ்சங்கூட விழிப்புணர்வு இல்லை."

லிஃப்டுக்குக் காத்திருந்தபோது எனக்கு முன்னால் நின்றவர் சொன்னார். அவர்தான் ஆட்டிசம் ஆய்வு மற்றும் ஆதரவுச் சட்ட முன்னுரிமைக் குழுவின் தலைவர் என்பது, மேலே போய்க் குறிப்பெழுத உட்கார்ந்த பிறகு தெரிந்தது. கொட்டாவி விட்டவர் பெற்றோர் சார்பில் அந்தக் குழுவில் இருந்த ஒரே உறுப்பினர்.

"என் பொண்ணு ராத்திரி தூங்கறதே இல்லை சார். ஏன்னு ஆராயணும். வாரத்துல ஒரு நாள் பயிற்சி உள்ளவங்க யாராவது வந்து அவளைப் பார்த்துக்கணும். அந்த ஒரு நாள் நான் தூங்கணும். இதைச் சட்டத்துல போடுங்க."

"கட்டாயம் போடுவோம். ஆனா முதல்ல விழிப்புணர்வு."

"பத்தொன்பது வருஷமா விழிச்சுக்கிட்டுத்தான் சார் இருக்கேன்."

"நீங்க விழிச்சுட்டீங்க. ஊர் விழிக்கலையே!"

இவ்வாதத்தின் வன்மை கருதி, விழிப்புணர்வே முதல் முன்னுரிமை என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. அந்த அம்மா மறுத்துப் பேச வாயெடுத்தது கொட்டாவியில் முடிந்ததால், அதுவும் ஆதரவாகவே கொள்ளப்பட்டது. இரண்டாவது, விழிப்புணர்வு வளர்கிறதா என்னும் ஆய்வு. மூன்றாவது, அந்த ஆய்வைப் பற்றிய விழிப்புணர்வு. தூக்கம் பதினோராவது இடத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

எந்தத் திட்டத்தையும் பயனாளியின் வாசலில் தொடங்குவதுதானே முறை? அந்த அம்மா வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே வண்ண விளக்குக் கோபுரம் ஒன்றை நட்டார்கள். பொழுது சாய்ந்தால் எரியும், விடிந்தால்தான் அணையும். அதன் உச்சியிலிருந்த ஒலிபெருக்கி மணிக்கொரு தரம் "விழித்திருப்போம்!" என்று முழங்கியது.

அடுத்த கூட்டத்தில் ஆய்வு உறுப்பினர் பெருமிதத்தோடு எழுந்தார். "அந்தத் தெருவுல கணக்கெடுத்தோம். ஒருத்தர் விடாம விழிச்சிருக்காங்க!"

"என்னைத் திட்டறதுக்கு விழிச்சிருக்காங்க சார். வீட்டைக் காலி பண்ணச் சொல்றாங்க."

"பார்த்தீங்களா? முன்னாடி நீங்க யாருன்னே அவங்களுக்குத் தெரியாது!"

பலத்த கைதட்டல். வீட்டில் விட ஆளில்லாமல் அந்த அம்மா அன்று மகளையும் அழைத்து வந்திருந்தார். சத்தம் தாங்காமல் அவள் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கடியில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்தே சுவரில் இருந்த பலகையைப் படித்தாள்.

"அமைதி காக்கவும்."

"அடடா, என்ன விழிப்புணர்வு!" என்று தலைவர் இன்னும் ஓங்கிக் கைதட்டினார்.

தட்டி முடிக்கும்வரை அந்த அம்மா காத்திருந்தார். "சட்டம் வரும்போது வரட்டும் சார். இப்ப ஒரு மணி நேரம், உங்கள்ல யாராவது இவளைப் பார்த்துக்கிறீங்களா?"

"ஐயோ, எங்களுக்கு அதெல்லாம் பழக்கமில்லைம்மா," என்றார் தலைவர்.

"எனக்கு ஆட்டிசம் தெரியும். ஆட்டிசம் உள்ளவங்க யாரையும் தெரியாது," என்றார் ஆய்வு உறுப்பினர்.

நான் குறிப்பேட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

அந்த அம்மா எழுந்து, மகளின் பையைத் தலைவர் மடியில் வைத்தார். "தண்ணி இதுல இருக்கு. அவளைத் தொடாதீங்க, பிடிக்காது. ஏதாவது படிச்சா, கூடவே நீங்களும் படிங்க. மெதுவா."

பிறகு மூன்று நாற்காலிகளை ஒன்றாகச் சேர்த்தார். சுவரில் கட்டியிருந்த 'விழித்திருப்போம்' பதாகையை அவிழ்த்து உதறி, கழுத்துவரை போர்த்திக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிப்போனார்.